ஒன்பதே ஆண்டுகளில் ஒரு கட்சி பாதியானது எப்படி?

1963 தேர்தலில் நெதர்லாந்து நாடாளுமன்றக் கீழவையின் 150 இடங்களில் 50-ஐக் கத்தோலிக்க மக்கள் கட்சி பிடித்தது. 1972-இல் அதற்கு மிஞ்சியது 27. அந்த ஒன்பது ஆண்டுகளில் நாட்டில் கத்தோலிக்கர்கள் பாதியாகக் குறைந்துவிடவில்லை. மதத்துக்கும் ஓட்டுக்கும் இருந்த பிணைப்புதான் அறுந்தது.

அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில், ஒருவர் கத்தோலிக்கரா, புராட்டஸ்டன்டா, சோஷலிஸ்டா என்று தெரிந்தால் போதும். அவர் வாங்கும் செய்தித்தாள், கேட்கும் வானொலி, இருக்கும் தொழிற்சங்கம், பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளி எல்லாவற்றையும் பெரும்பாலும் சரியாகவே ஊகித்துவிடலாம். ஓட்டையும்தான். வாக்குச்சாவடிக்குப் போவது தன் அடையாளத்தை இன்னொரு முறை பதிவுசெய்துவிட்டு வருவதாகவே இருந்தது.

இப்படி நிலைத்துப்போன பிரிவைத்தான் அரசியல் அறிவியலில் சமூகப் பிளவு என்கிறார்கள். எல்லா வேறுபாடும் பிளவாகிவிடாது. இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கென்று எங்கும் கட்சி இல்லையே! மக்களைப் பிரிக்கும் வேறுபாடு ஒன்று இருக்க வேண்டும், அதனால் 'நாம்' என்ற உணர்வு வர வேண்டும், அந்த உணர்வைக் கட்டிக்காக்க ஓர் அமைப்பும் வேண்டும். இந்த மூன்றாவதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம். சங்கமும் பள்ளியும் பத்திரிகையும் தளர்ந்துவிட்டால், வேறுபாடு அப்படியே இருந்தாலும் ஓட்டு சிதறத் தொடங்கிவிடும்.

1967-இல் சீமோர் மார்ட்டின் லிப்செட், ஸ்டெய்ன் ரொக்கான் என்ற இரு ஆய்வாளர்கள் மேற்கு ஐரோப்பியக் கட்சிகளின் வேரை நான்கு பழைய மோதல்களில் கண்டார்கள்: மையத்துக்கும் விளிம்புப் பகுதிகளுக்கும், அரசுக்கும் திருச்சபைக்கும், நிலவுடைமைக்கும் தொழில்துறைக்கும், முதலாளிக்கும் தொழிலாளிக்கும். ஒரு சில விதிவிலக்குகள் தவிர, 1960-களின் கட்சி அமைப்புகள் 1920-களின் பிளவுகளையே இன்னும் காட்டுகின்றன என்றார்கள். எல்லோருக்கும் வாக்குரிமை வந்த காலத்தில் முந்திக்கொண்டு ஆள் சேர்த்த கட்சிகள், பிந்தி வந்தவர்களுக்கு இடம் விடவில்லை. அருமையான விளக்கம், ஆனால் வந்த நேரம் சரியில்லை. அதே 1967-இல் நெதர்லாந்தின் கத்தோலிக்கக் கட்சி 42 இடங்களுக்கு இறங்கியிருந்தது.

சரி, பழைய பிளவு எப்படி மறைகிறது? ஆயுள் முழுக்க ஒரே கட்சிக்குப் போட்டவர்கள் அறுபது வயதில் கட்சி மாறுவது குறைவு. அவர்கள் மெல்ல வாக்காளர் பட்டியலிலிருந்து மறைகிறார்கள். அவர்கள் இடத்துக்கு வரும் இளையவர்களுக்கு அந்தப் பற்று இருப்பதில்லை. அதனால் உள்ளே நடக்கும் மாற்றம் வெகுநாள் வெளியே தெரியாது. பழக்கத்தால் மட்டும் நிற்கும் ஆதரவு, ஒரு நெருக்கடி வந்ததும் ஒரே தேர்தலில் சரியும்.

பழையது போன இடத்தில் புதியது வருகிறது. 1950-களில் பல மேற்கத்திய நாடுகளில் அதிகம் படித்தவர்கள் வலதுசாரிப் பக்கம் சாய்ந்திருந்தார்கள். பின்வந்த பல பத்தாண்டுகளில் அது மெல்லத் தலைகீழானது. குடியேற்றம், சுற்றுச்சூழல், ஐரோப்பிய ஒன்றியம் போன்ற கேள்விகள் வருமானக் கேள்வியைக் குறுக்காக வெட்டுகின்றன. இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் வீட்டில் நான்கு அறைகள் கிடைப்பது போல, வாக்காளர்களும் நான்கு வகையாகிறார்கள். பொருளாதாரத்தில் அரசின் உதவியை விரும்பி, குடியேற்றத்தை எதிர்ப்பவர்களின் அறையில் நெடுங்காலம் பெரிய கட்சி எதுவும் இல்லை. புதுக் கட்சிகள் நுழைந்தது அங்கேதான்.

இதில் அதிகம் அடிபட்டவை சமூக ஜனநாயகக் கட்சிகள். ஆலைத் தொழிலாளியும் பல்கலைக்கழகப் பட்டதாரியும் ஒரே கட்சியில் இருந்தார்கள். ஒருவரைத் திருப்திப்படுத்தினால் மற்றவர் நகர்ந்துவிடுவார். நெதர்லாந்தின் தொழிலாளர் கட்சி 2012-இல் 38 இடங்கள் வென்றது, 2017-இல் 9. வலதுசாரி லிபரல்களோடு ஆட்சியில் இருந்தது உடனடிக் காரணம் என்றாலும், அடித்தளம் முன்பே விரிசல் கண்டிருந்தது.

ஆனால் பிளவு இருந்துவிட்டால் மட்டும் கட்சி நாடாளுமன்றத்துக்குள் வந்துவிடாது, தேர்தல் விதிகள் அனுமதிக்க வேண்டும். 2015-இல் பிரிட்டனில், ஐரோப்பிய ஒன்றியத்தை எதிர்த்த ஐக்கிய ராச்சிய சுதந்திரக் கட்சி 12.6% வாக்குகள் பெற்றது. தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவருக்கே வெற்றி என்ற முறையில், 650-இல் ஒரே ஓர் இடம் கிடைத்தது. 2017-இல், குடியேற்றத்தை எதிர்த்த ஜெர்மனிக்கான மாற்று என்ற கட்சியும் ஜெர்மனியில் அதே 12.6% வாங்கியது. வாக்குப் பங்குக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறை என்பதால் 709-இல் 94 இடங்கள்! ஆனாலும் அங்கே, 5% வாக்குக்குக் குறைவான கட்சிக்குப் பொதுவாக இடமில்லை என்ற தடுப்பு உண்டு. இதே கட்சி 2013-இல் 4.7% வாங்கி வெளியே நின்றது. நெதர்லாந்தில் தடுப்பு என்று தனியாக எதுவும் இல்லை. 150-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.67% வாக்கு இருந்தால் ஓர் இடம்.

ஒரு நாட்டில் ஓட்டு எவ்வளவு சிதறியிருக்கிறது என்று அறிய, கட்சிகளை வெறுமனே எண்ணினால் போதாது என்பதால் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்சியின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, ஒன்றை அதனால் வகுக்க வேண்டும். 70, 10, 10, 10 சதவீதம் (அதாவது 0.7, 0.1, 0.1, 0.1) என்று நான்கு கட்சிகள் இருந்தால் விடை 1.92. பெயருக்கு நான்கு, பலத்தில் இரண்டுகூட இல்லை.

கட்சி மாறும் வாக்காளர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்குத்தான். இடதுசாரி வாக்காளர் இன்னொரு இடதுசாரிக் கட்சிக்கு, வலதுசாரி இன்னொரு வலதுசாரிக் கட்சிக்கு. ஆகவே கட்சிகளின் பெயர்கள் தடாலடியாக மாறும் தேர்தலில்கூட, இரு அணிகளின் மொத்த பலம் சற்றே அசைந்திருக்கும்.

இடங்கள் இப்படிப் பல கட்சிகளுக்குச் சிதறினால், அப்புறம் ஆட்சி அமைப்பது இழுபறியாகிறது. 2021 மார்ச் தேர்தலுக்குப் பின் நெதர்லாந்தில் புதிய அமைச்சரவை பதவியேற்க 299 நாட்கள் ஆயின. சிதறல் ஓர் எல்லையைத் தாண்டினால் கட்சிகளே சேரத் தொடங்குகின்றன. அந்த 2021 தேர்தலில் தனித்தனியாக 9, 8 என்று வென்ற தொழிலாளர் கட்சியும் பசுமை இடதுசாரிக் கட்சியும் 2023-இல் ஒரே பட்டியலில் நின்று 25 இடங்கள் பிடித்தன. கத்தோலிக்கக் கட்சியும் இரண்டு புராட்டஸ்டன்ட் கட்சிகளும் 1977-இலேயே அதே வழியில் போய், 1980-இல் முறைப்படி ஒன்றாகியிருந்தன.