காவலூர் நகரவில்லை: போட்டோக்களை நகலெடுக்காமல் அடுக்கும் கணக்கு

காட்பாடி வாசகர் ஒருவரின் கேள்வி: "ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் அம்மாவை எடுத்த படத்தை ‘வேலூர்', ‘கோயில்', ‘அம்மா' என்று மூன்று ஃபோல்டரிலும் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாப் படத்துக்கும் இதே வழக்கம். ஒரு டெராபைட் டிஸ்க் நிரம்பிவிட்டது. எதை அழிப்பது?"

அழிப்பதைக் கடைசியில் பார்ப்போம். வேலூர், கோயில், அம்மா என்பவை ஒரே படத்துக்குரிய மூன்று பெயர்கள். ஃபோல்டரோ ஓர் இடம். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் இடம் ஒதுக்கியதால்தான் 8 மெகாபைட் படம் 24 மெகாபைட்டாக உட்கார்ந்திருக்கிறது.

ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1986-ல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டபோது முகவரியில் வட ஆர்க்காடு மாவட்டம். 1989-ல் அந்த மாவட்டம் பிரிந்து வட ஆர்க்காடு அம்பேத்கர் ஆனது. பிறகு வேலூர். 2019-ல் வேலூரும் மூன்றாகப் பிரிந்ததில் காவலூர் திருப்பத்தூரோடு போய்விட்டது. இத்தனைக்கும் தொலைநோக்கி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஏட்டில் ஒரு வரி மாறியது, அவ்வளவுதான். மாவட்டவாரியாக ஃபோல்டர் போட்டவர் ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டியிருப்பார்.

படங்களுக்குப் பட்டியல் வைக்கும் கேட்டலாக் மென்பொருள் வைத்திருப்பது அந்த ஏட்டைத்தான். டிஜிகாம், டார்க்டேபிள், லைட்ரூம் கிளாசிக் மூன்றுமே உள்ளே எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் கணக்கு எழுதுகின்றன. முதல் இரண்டும் இலவசம். மூன்றாவதற்குச் சந்தா. ஓர் அட்டவணையில் படத்தின் எண், அது இருக்கும் பாதை, அளவு, எடுத்த நேரம். இன்னொன்றில் டேக்குகள், அதாவது ‘அம்மா', ‘கோயில்' போன்ற பெயர்கள். மூன்றாவதில் "4127-ம் படத்துக்கு 12-ம் டேக்" என்ற ஜோடிகள் மட்டும். ‘அம்மா' டேக்கைச் சொடுக்கினால் பாலாற்றுப் பாலத்துப் படமும் கோயில் படமும் பக்கத்தில் பக்கத்தில் வரும், டிஸ்க்கில் ஒரு பைட்டும் இடம் மாறாது. ஒரு ஜோடிக்கு ஆகும் செலவு சில பத்து பைட்டுகள்.

எனவே ஃபோல்டருக்கு ஒரே வேலை கொடுங்கள்: தேதி. வருடம், அதற்குள் மாதம், போதும். எடுத்த தேதி யார் ஆட்சியிலும் மாறாது.

நகல் பெருகுவது பெரும்பாலும் இம்போர்ட் செய்யும், அதாவது படங்களை மென்பொருளில் சேர்க்கும் நேரத்தில்தான். லைட்ரூமின் இம்போர்ட் ஜன்னலில் மேலே ‘காப்பி', ‘மூவ்', ‘ஆட்' என்று வரிசையாக இருக்கும். மெமரி கார்டிலிருந்து எடுக்கும்போது ‘காப்பி'. படம் ஏற்கெனவே டிஸ்க்கில் இருந்தால் ‘ஆட்' மட்டும். அங்கேயும் ‘காப்பி' அழுத்தினால் மொத்தத் தொகுப்பும் இரட்டிப்பாகும். டார்க்டேபிளிலும் நகலெடுத்துச் சேர்ப்பது, இருந்த இடத்திலேயே சேர்ப்பது என இரு வழி உண்டு. டிஜிகாமில் இந்தச் சிக்கல் குறைவு: மேல்மட்ட ஃபோல்டரைக் காட்டிவிட்டால் இருந்த இடத்திலேயே படித்துக்கொள்ளும்.

இனி விஷயத்தின் அழகான பகுதி. இரண்டு கோப்பும் ஒன்றேதானா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரிகிறது?

பெயரை நம்ப முடியாது. கேமரா நான்கு இலக்கத்தில் எண்ணுகிறது; 9999 தாண்டினால் மறுபடி 0001. ஐஎம்ஜி_0412 என்ற பெயரில் 2015-ன் மயானக் கொள்ளையும் 2021-ன் பேத்தி பிறந்தநாளும் இருக்கலாம். முதல் வடிகட்டி அளவு: பைட் எண்ணிக்கை வேறானால் கோப்பும் வேறு. அளவு ஒத்துவந்தால் அடுத்தது கைரேகை. கோப்பின் பைட்டுகளை எல்லாம் ஒரு குறிப்பிட்ட கணக்கில் போட்டு அரைத்தால் நிலையான நீளத்தில் ஓர் எண் விழும். எஸ்எச்ஏ-256 முறையில் அது 256 பிட். 8 மெகாபைட் படமானாலும் 8 ஜிகாபைட் வீடியோவானாலும் அதே 256 பிட்தான். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினால் கைரேகையில் ஏறக்குறைய பாதி பிட்டுகள் புரண்டுவிடும்.

டிஜிகாம் இங்கே ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறது. முழுக் கோப்பையும் அரைக்காமல் முதல் 100 கிலோபைட்டையும் கடைசி 100 கிலோபைட்டையும் மட்டும் அரைத்து, கூடவே அளவையும் பார்க்கிறது. 8 மெகாபைட் படத்தில் நாற்பதில் ஒரு பங்குதான் படிக்கிறது. நீங்கள் வெளியிலிருந்து ஒரு ஃபோல்டரை நகர்த்தினாலும், புது இடத்தில் அதே கைரேகையைப் பார்த்ததும் "ஓ, இது நம்ம 4127" என்று பழைய டேக்குகளை ஒட்டிவிடும். நகர்த்தியதோடு படத்துக்குள் வேறு மென்பொருளால் எதையாவது எழுதியும் விட்டால் கைரேகை மாறி, புதுப் படமாகப் பதிவாகும், டேக்குகள் வராது.

வாட்ஸ்அப்பில் போய்த் திரும்பிய படத்தைக் கைரேகையால் பிடிக்கவே முடியாது. அது படத்தைச் சுருக்கி, எடுத்த நேரம் முதலிய குறிப்புகளையும் உதறிவிடுகிறது. கண்ணுக்கு அதே கோபுரம். பைட்டுகளில் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இதற்கென்றே இருப்பது பார்வைக் கைரேகை. அதில் எளிமையானது இப்படி:

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, குறுக்கே 9, நெடுக்கே 8 கட்டமாகச் சுருக்கு. மொத்தம் 72 கட்டம். ஒவ்வொரு வரிசையிலும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து ஒரே கேள்வி: இடதைவிட வலது வெளிச்சமா? ஆம் என்றால் 1, இல்லையென்றால் 0. வரிசைக்கு 8 பதில், எட்டு வரிசைக்கு 64. தீர்ந்தது. வேலூர்க் கோட்டை அகழிப் படம் ஒன்று 64 ஆம்-இல்லைகளாகிவிட்டது.

இத்தனை எளிய கணக்கு ஏன் வேலை செய்கிறது? வாட்ஸ்அப் சுருக்கம் தூக்கி எறிவது நுணுக்கங்களை: கல்லின் சொரசொரப்பு, புடவையின் ஜரிகை. 72 கட்டத்தில் அவை முதலிலேயே கிடையாது. படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினால் எல்லாக் கட்டமும் சேர்ந்தே ஏறும். எது பெரிது, எது சிறிது என்ற வரிசை குலையாது. இரண்டு படத்தின் 64 பதில்களை ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களை எண்ணுங்கள். தொடர்பே இல்லாத படங்கள் சுமார் 32 இடத்தில் வேறுபடும், காசு சுண்டிப் பார்த்ததுபோல. பத்துக்குள் வந்தால் சந்தேகப்படலாம். பூஜ்யம் என்றால் ஏறக்குறைய உறுதி. படத்தைப் பக்கவாட்டில் திருப்பினாலோ, கண்ணாடிப் பிம்பமாக்கினாலோ, ஓரங்களை நிறைய வெட்டினாலோ ஏமாந்துவிடும். டிஜிகாம் பயன்படுத்துவது ஹார் அலைக்கூறு என்ற வேறு கணக்கு; நுணுக்கத்தை விட்டுப் பெரிய வடிவத்தைப் பிடிப்பது அதிலும் உண்டு.

ஆனால் கண்டுபிடித்ததை எல்லாம் தானாக அழிக்கச் சொல்லாதீர்கள். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் கேமரா பத்துப் படம் தொடர்ந்து அடித்திருக்கும். பார்வைக் கைரேகைக்குப் பத்தும் ஒன்று. ஒன்பதில் மாப்பிள்ளை கண்ணை மூடியிருப்பார், மிச்சம் ஒன்றுதான் ஆல்பத்துக்கு. சிறுகோள்களைத் தேடுவதும் இப்படித்தான்: ஒரே வான்பகுதியை அடுத்தடுத்து எடுத்து, எந்தப் புள்ளி நகர்ந்தது என்று பார்க்க வேண்டும். 1988-ல் காவலூரில் கண்டறியப்பட்ட 4130-ம் எண் சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர். ‘ஒன்றுபோலத்தானே இருக்கிறது' என்று ஒரு படத்தைக் கழித்திருந்தால் அந்த வகைத் தேடலே நடந்திருக்காது. இது தனிக்கதை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: நம் ஊரில் புதுக் கருவி வாங்கப் பணம் புரட்டிவிடலாம், எடுத்த படங்களுக்குப் பட்டியல் எழுதும் ஆளுக்குச் சம்பளம் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

இன்னொரு நம்பிக்கையும் ஆயுத பூஜைக்கு சிபியூ மேல் வைக்கும் எலுமிச்சம்பழத்தோடு சேர்ந்ததுதான்: "மூணு காப்பி இருக்கு, பத்திரம்." ஒரே டிஸ்க்கில் மூன்று நகல் இருந்தால் டிஸ்க் போகும்போது மூன்றும் ஒன்றாகப் போகும். பேக்கப் என்றால் வேறு டிஸ்க், அதுவும் வேறு வீட்டில் இருந்தால் நல்லது. படங்களோடு கேட்டலாக் கோப்பையும் எடுக்க வேண்டும். டிஜிகாமில் அதன் பெயர் டிஜிகாம்4.டிபி. கேட்டலாக்கை உள் டிஸ்க்கிலேயே வைத்திருங்கள். நெட்வொர்க் டிரைவில் வைத்தால், ஒரே நேரத்தில் இருவர் எழுதாமல் தடுக்கும் எஸ்க்யூலைட்டின் பூட்டு சரியாக விழாமல் தரவுத்தளம் கெடலாம்.

திருத்தங்களுக்கும் நகல் வேண்டாம். 24 மெகாபிக்சல் படத்தை 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமித்தால், சுருக்காத நிலையில் 144 மெகாபைட். டார்க்டேபிளும் லைட்ரூமும் "வெளிச்சம் கொஞ்சம் ஏற்று, இந்த ஓரத்தை வெட்டு" என்ற கட்டளைகளை மட்டும் சில கிலோபைட்டில் எழுதிக்கொள்கின்றன. டார்க்டேபிள் அதைப் படத்தின் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற துணைக் கோப்பாகவும் போடும். ஃபைல் மேனேஜரில் படத்தை மட்டும் இழுத்துப் போய் எக்ஸ்எம்பியை விட்டுவிட்டால், அடுத்த கணினியில் திருத்தமும் டேக்கும் காணாமல் போகும். நகர்த்துவதை மென்பொருளுக்குள்ளிருந்தே செய்யுங்கள். வெளியே நகர்த்திவிட்டு லைட்ரூமில் ஃபோல்டர் மேல் கேள்விக்குறி வந்தால் மறுபடி இம்போர்ட் செய்ய வேண்டாம். அதை ரைட் கிளிக் செய்து, காணாமல் போன ஃபோல்டரைத் தேடும் கட்டளையில் புது இடத்தைக் காட்டினால் போதும்.

இப்போது காட்பாடிக்காரரின் டிஸ்க். முதலில் முழுதையும் வேறு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். பிறகு மூன்று ஃபோல்டர்களையும் அப்படியே டிஜிகாமுக்குக் காட்டி, ‘அம்மா' ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றுக்கும் ‘அம்மா' டேக், ‘கோயில்' ஃபோல்டருக்குக் ‘கோயில்' டேக் என்று மொத்தமாக இடுங்கள். அழித்தபின் இதைச் செய்ய முடியாது. ஃபோல்டர் பெயரில் இருந்த தகவல் அதோடு போய்விடும். டேக்குகளைப் படத்துக்குள் எழுதும் வசதியை மட்டும் அணைத்து வையுங்கள், எழுதினால் ஒரே படத்தின் மூன்று நகலும் மூன்று கைரேகை ஆகிவிடும். அடுத்து நகல் தேடுங்கள், ஒப்புமை 100 சதவீதத்தில் தொடங்கி. ஒவ்வொரு கூட்டத்திலும் எடுத்த நேரம் உள்ள, அளவில் பெரிய கோப்பை வைத்துக்கொண்டு மற்றவற்றின் டேக்குகளை அதற்கு மாற்றுங்கள். ஒரே பெயரில் ராவும் (கேமராவின் பதப்படுத்தாத மூலக் கோப்பு) ஜேபெக்கும் ஜோடியாக இருந்தால் தொடாதீர்கள், அவை நகல் இல்லை. மிஞ்சியவற்றை ‘நீக்க' என்ற தனி ஃபோல்டருக்குத் தள்ளி ஒரு மாதம் விட்டுவைத்து, யாரும் தேடவில்லை என்றால் காலி செய்யலாம்.