வெறும் குப்பியில் வந்த சாளை

கடல்நீரில் கலந்திருக்கும் டிஎன்ஏவைப் படித்து அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று அறிய, மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு நீர் மாதிரி எடுக்கப் போகும்போது, ஒரு குப்பியில் மட்டும் ஆய்வகத்தில் சுத்திகரித்த நீரை நிரப்பிக்கொள்வோம். வள்ளத்தில் அதைத் திறந்து, கடல்நீரை வடிகட்டுவதுபோலவே வடிகட்டுவோம். அதில் எந்த உயிரின் டிஎன்ஏவும் வரக்கூடாது. ஒருமுறை சாளை மீனின் டிஎன்ஏ வந்தது. முந்தின நாள் அதே வள்ளத்தில் சாளை கொட்டியிருந்தார்கள். கையுறை எங்கோ பட்டிருக்க வேண்டும். மற்றக் குப்பிகளிலும் சாளை இருந்தது. அது பவளப்பாறையைச் சுற்றி நீந்திய சாளையா, வள்ளத்தில் கிடந்ததா என்று பிரிக்க வழியில்லை. அந்தப் பயணத்தில் சாளையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இவ்வளவு பாடு எதற்கு? மீனும் நண்டும் சளி, செதில், கழிவு என்று உடலின் துணுக்குகளை நீரில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. நீரை வடிகட்டி அவற்றின் டிஎன்ஏவைப் படித்தால், முக்குளிப்பவர் கண்ணில் படாமல் ஒளிந்திருப்பவையும் தெரியவரும். ஒளிந்திருப்பவைதான் பவளப்பாறையில் அதிகம். உலகின் பல கடல்களில் பவளப்பாறைகளிலிருந்து சேகரித்த உயிரிகளை டிஎன்ஏ மூலம் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. மொத்தம் 6.3 சதுர மீட்டர் பரப்பில், நண்டு, இறால் போன்ற ஓட்டுயிரிகள் மட்டும் 525 இனங்கள்!

ஆனால் டிஎன்ஏ வரிசை தானாகப் பெயர் சொல்லாது. யாரோ ஒருவர் அந்த நண்டை நுண்ணோக்கியில் பார்த்து, இனத்தை உறுதிசெய்து, அதன் வரிசையைத் தரவுத்தளத்தில் சேர்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் நம் கையில் இருப்பது வெறும் எழுத்துக்கோவை. கருவி வாங்கப் பணம் கிடைக்கிறது, நண்டின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்து இனம் பிரிக்க ஆள் கிடைப்பதில்லை. எனக்குப் பெரிய கவலை இதுதான்.

இன்னொன்று, கடல் சூடேறி நிறமிழந்து வெளிறிய பவளமும் டிஎன்ஏவை விடும். 2016 வெளிறலைப் போன்ற ஒரு கோடையில் நீர் மாதிரி மட்டும் எடுத்திருந்தால், 'பவளம் இருக்கிறது' என்றுதான் முடிவு வந்திருக்கும். அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க நீரில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். தரவுத்தளத்துக்கு வேண்டிய மாதிரி உயிரிகளைப் பவளத்தை உடைக்காமலே சேர்க்க முடியும். கரையில் வலை உதறும்போது ஒதுக்கிப்போடும் சங்காயத்தில் சின்னச் சின்ன நண்டுகளும் மீன்களும் கிடக்கும். வலைக்காரரிடம் கேட்டுவிட்டு, எந்தப் பாரின் (கடலடிப் பாறையின்) பக்கம் வலை விட்டார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்குள் எத்தனால் கரைசலில் போட்டுவிட வேண்டும்.