எண்ணெய்க் கசிவா, எண்ணெய்ச் சிந்தலா?

இரண்டு கப்பல்கள் மோதித் தொட்டி கிழிந்து, ஆயிரக்கணக்கான டன் எண்ணெய் கடலில் பாய்கிறது. வானொலிச் செய்தியில் அதற்குப் பெயர் 'எண்ணெய்க் கசிவு'. நாளேட்டிலும் கசிவு, பள்ளிச் சுவரொட்டியிலும் கசிவு. மலேசியாவின் சிலாங்கூரில், பந்திங்கில் இருந்துகொண்டு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கசிதல் என்றால் ஊறி மெல்ல வெளிப்படுதல். சுவரில் ஈரம் கசியும், உள்ளமும் கசியும். சிந்துதல் என்றால் கலத்தில் இருக்க வேண்டியது வெளியே விழுந்து பரவுதல். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் 'ஆயில் ஸ்பில்'. அந்த 'ஸ்பில்' பழங்காலத்தில் அழித்தல், கொல்லுதல் என்று பொருள்பட்டது. குருதி சிந்துவதற்கும் ஆகி, நீர்மங்களுக்கு வந்தது பிற்பாடுதான். சொல்வரலாறு இவ்வளவு போதும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை அகராதி சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர் மரப் பட்டையில் கசிவதும் பால்தான், கவிழ்ந்த வாளியிலிருந்து சிந்துவதும் பால்தான். வாளியைக் கவிழ்த்தவர் கங்காணியிடம் போய், "பால் கசிந்துவிட்டது, ஐயா" என்று சொல்லிப் பார்க்கட்டும்! என் சண்டையே இங்கேதான். கசிவு தானாக நடப்பது. அதில் செய்தவன் பெயரே வராது.

1997 அக்டோபரில் சிங்கப்பூர் நீரிணையில் 'எவோய்கோஸ்', 'ஓராபின் குளோபல்' என்ற எண்ணெய்க் கப்பல்கள் மோதின. ஏறத்தாழ 29,000 டன் எரியெண்ணெய் கடலில் கலந்தது. டிசம்பரில் எங்கள் சிலாங்கூர்க் கரையிலும் ஒதுங்கியது. 2017 ஜனவரியில் சென்னையை அடுத்த எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது கரை ஒதுங்கிய எண்ணெயை வாளி வாளியாக அள்ளினார்கள். கசிந்ததை யாராவது வாளியில் அள்ளுவார்களா?

'சிந்தல் சிறிய அளவையல்லவா குறிக்கும்?' என்று கேட்பவர்கள் உண்டு. போரில் சிந்திய இரத்தத்தை அவர்கள் எந்தக் கரண்டியால் அளப்பார்களோ! சரி, 'கொட்டல்' என்றால்? வேண்டுமென்றே செய்ததும் விபத்தும் அதில் ஒன்றாகிவிடும். 'சிதறல்' இன்னும் மோசம்; கடலில் மிதக்கும் எண்ணெயை நுண்துளிகளாகச் சிதறடிக்கவே தனி மருந்து தெளிக்கிறார்கள்.

தடுக்கும் வழியும் சொல்லுக்குச் சொல் மாறும். குழாய் மூட்டில் துளித்துளியாக வருவது கசிவு. மூட்டை இறுக்கினால் நிற்கும். மோதலிலும் தரைதட்டலிலும் நேர்வது சிந்தல். 1989-இல் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டெஸ்' தரைதட்டிய பிறகுதான் எண்ணெய்க் கப்பல்களுக்கு இரண்டடுக்கு மேலோடு கட்டாயமாகத் தொடங்கியது. இயந்திர அறையின் எண்ணெய் கலந்த நீரைக் கடலில் விடுவது வெளியேற்றம். அந்த நீரில் எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் பன்னாட்டு 'மார்போல்' உடன்படிக்கை; எண்ணெய்ப் பதிவேட்டிலும் எழுத வேண்டும். மூன்றையும் கசிவு என்றால் எதை இறுக்குவது, எதைப் பதிவது?

மலாய்க்காரர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. சிந்தினால் தும்பாஹ், ஒழுகினால் போச்சோர். 'தும்பாஹான் மின்யாக்' (எண்ணெய்ச் சிந்தல்) என்று தெளிவாக எழுதிய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நம் மொழிபெயர்ப்பாளர் கசிவு என்று எழுதுகிறார் என்றால், அவர் அறிக்கையைப் படிக்கவில்லை, நேற்றைய நாளேட்டைத்தான் படித்திருக்கிறார்.

தூய தமிழன்பர்கள் சிலருக்கோ எண்ணெய் என்ற சொல்லே ஆகாது. எள்ளின் நெய்தானே எண்ணெய், நிலத்தடியில் எடுப்பதைக் 'கன்னெய்' என்று சொல் என்கிறார்கள். அழகான சொல்தான். ஆனால் சுற்றிலும் செம்பனை எண்ணெய் காய்ச்சும் ஊரில் எள்ளைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? முதலில் கசிவை நிறுத்துங்கள். கன்னெய்யைப் பிறகு பார்க்கலாம்.