பேக்கப்பை யாரால் அழிக்க முடியும்?

கிளவுட் சர்வர்களின் பாதுகாப்பைச் சரிபார்க்கும்போது "பேக்கப் எடுக்கிறீர்களா?" என்று நான் கேட்பதில்லை. எல்லோரும் "தினமும் ராத்திரி ஓடுது சார்" என்று சொல்லிவிடுவார்கள். "சர்வரை அழிக்கிற லாகினாலேயே பேக்கப்பையும் அழிக்க முடியுமா?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் உடனே பதில் வராது.

2014 ஜூனில், மென்பொருள் நிரல்களை இணையத்தில் சேமித்துத் தந்த கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் இதில்தான் மாட்டியது. அமேசான் கிளவுடில் இருந்த அவர்களுடைய நிர்வாகக் கணக்குக்குள் யாரோ புகுந்து பணம் கேட்டு மிரட்டினார்கள். நிறுவனம் பாஸ்வேர்டை மாற்றியது. ஆனால் புகுந்தவர்கள் முன்கூட்டியே வேறு லாகின்களை உருவாக்கி வைத்திருந்தார்கள். அவற்றின் வழியே ஸ்னாப்ஷாட் (ஒரு நொடியில் டிஸ்க் இருந்த நிலையின் பிரதி), மெஷின் இமேஜ் (சர்வரை மறுபடி உருவாக்கும் அச்சு), பக்கெட் (கோப்புகளைச் சேமிக்கும் இடம்) எல்லாவற்றிலும் கைவைத்தார்கள். நிறுவனத்தை மூட வேண்டியதாயிற்று.

அதனால் ஒரு பிரதியாவது தனிக் கணக்கில், தனி லாகினில் இருக்கட்டும். அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3-யில் ஆப்ஜெக்ட் லாக் (பூட்டு) வசதியை கம்ப்ளையன்ஸ் முறையில் போட்டால், குறித்த காலம் முடியும்வரை கணக்கின் முழு அதிகாரமும் உள்ள ரூட் பயனரால்கூட அந்தப் பதிப்பை அழிக்க முடியாது. (சோதித்துப் பார்க்கக் குறைந்த நாள் கொடுங்கள். தவறாகப் பத்து வருடம் போட்டுவிட்டால் பில்லும் தொடர்ந்து வரும்.) என்கிரிப்ஷன் சாவியையும் மறக்கக் கூடாது. அமேசானின் இயல்புநிலைச் சாவியால் பூட்டிய டிஸ்க் ஸ்னாப்ஷாட்டை இன்னொரு கணக்கோடு பகிர முடியாது. சொந்தச் சாவி வேண்டும். அந்தச் சாவி அழிந்தால் பேக்கப்பும் போனதுதான்.

ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் ஸ்னாப்ஷாட் என்பது, திடீரென்று கரண்ட் போன நொடியில் டிஸ்க் இருந்த நிலை. டேட்டாபேஸ்கள் வழக்கமாக அதிலிருந்து எழுந்துவிடும். டேட்டா ஒரு டிஸ்கிலும், மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பு (log) இன்னொன்றிலும் இருந்து, இரண்டையும் வெவ்வேறு நேரத்தில் எடுத்திருந்தால்தான் வம்பு.

கன்டெய்னர் (செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே பொதியாக ஓட்டும் முறை) என்றால், "இமேஜ்தான் ரெஜிஸ்ட்ரியில இருக்கே" என்பார்கள். இமேஜ் என்பது அந்தப் பொதியின் அச்சு, ரெஜிஸ்ட்ரி அதை வைக்கும் கிடங்கு. சரி, கன்டெய்னர் தன் டேட்டாவை எழுதும் சேமிப்பிடமான வால்யூமில் இருக்கும் டேட்டா? பல கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டஸில் வால்யூம்களும், கிளஸ்டரின் (சர்வர் கூட்டத்தின்) நிலையைச் சேமிக்கும் ஈடிசிடி (etcd) என்ற டேட்டாபேஸும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டியவை. அங்கே பாஸ்வேர்டு, சாவி போன்றவற்றை வைக்கும் இடத்துக்கு சீக்ரெட் என்று பெயர் இருந்தாலும், இயல்புநிலையில் அது பேஸ்64 எழுத்துதான், அதாவது பூட்டாமல் எழுத்து வடிவத்தை மட்டும் மாற்றியது. யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் பிரித்துவிடலாம். அது பேக்கப்புக்குள்ளும் போய் உட்காரும். ஆகவே பேக்கப் பக்கெட்டைப் படிக்கும் அனுமதியை உற்பத்திச் சூழலின் (பயனர்களுக்காக நிஜமாக ஓடும் சர்வர்களின்) பாஸ்வேர்டு போலவே கறாராக, தேவையானவர்களுக்கு மட்டும் கொடுங்கள். இமேஜ் அடுக்கடுக்காக உருவாவது என்பதால், அதைக் கட்டும்போது ஒரு அடுக்கில் சாவிக் கோப்பை வைத்து அடுத்த அடுக்கில் நீக்கினாலும், முந்தைய அடுக்கில் அது இருக்கும்.

இவ்வளவும் செய்தாலும், மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களை இணையத்தில் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக உற்பத்தி டேட்டாபேஸை அழித்தார். பேக்கப்பைத் தேடினால் பக்கெட் காலி. மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டுவிட்டன. வேறு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது.

மீட்புப் பயிற்சியை, பேக்கப்பை அமைத்தவரிடம் கொடுக்காதீர்கள். வேறொருவரிடம் எழுதிவைத்த குறிப்பையும் எதுவும் இல்லாத காலி கிளவுட் கணக்கு ஒன்றையும் கொடுத்து, செயலி லாகின் பக்கம் வரும்வரை எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். பாதியில் ஓடிபி கேட்டு, அது விடுமுறையில் இருக்கும் ஒருவரின் போனுக்குப் போவது அப்போதுதான் தெரியவரும்.