தின்னர் பட்டதும் பேனல் ஏன் பிசுபிசுக்கிறது?

சேலம் கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய ஸ்கூட்டருக்குப் புது பெயின்ட் அடிக்கலாம் என்று தின்னர் ஊற்றித் துடைத்தேன். இரும்பு மட்கார்டில் பெயின்ட் சுருங்கிச் சுருங்கி உரிந்து வந்தது. சைடு பேனலோ பிசுபிசுத்து, கைரேகை பதிகிறது. ஏன்?"

பேனல் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். பெயின்டைப் போலவே அதுவும் பாலிமர்தான், அதாவது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. தின்னரிலுள்ள டொலுவீன், அசிட்டோன் போன்றவை தம் இயல்புக்கு ஒத்த மூலக்கூறுகளோடு எளிதாகக் கலந்துவிடும். இரும்போடு அவற்றுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சரி, மட்கார்டில் பெயின்ட் கரையாமல் ஏன் சுருங்கியது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எனாமல் காயும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனால் அதன் சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து ஒரே வலையாகிவிடுகின்றன. தின்னரால் அந்த வலையைப் பிரிக்க முடியாது, உள்ளே புகுந்து உப்பவைக்கத்தான் முடியும். குளிர்ந்த நீரில் ஊறும் நம்மூர் ஜவ்வரிசி மாதிரி: பெருக்கும், கரையாது. ஆனால் பெயின்டின் அடிப்பக்கம் தகட்டோடு ஒட்டியிருக்கிறதே, பக்கவாட்டில் எப்படி விரியும்? நெருக்கம் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ஏதோ ஓரிடத்தில் படலம் மேல்நோக்கி மடிந்து எழும்பிவிடுகிறது. அந்த மடிப்பின் அடியில் தின்னர் ஓடிப் பக்கத்துப் பிடிப்பையும் தளர்த்த, அடுத்த மடிப்பு எழும்புகிறது. பெயின்ட் தன்னைத் தானே நெம்பி எடுத்துக்கொள்கிறது!

ஏபிஎஸ்ஸின் பெரும்பகுதியில் அப்படிப்பட்ட பிணைப்புகள் கிடையாது. அதனால் தின்னர் சங்கிலிகளைத் தனித்தனியே விலக்கிக் கரைத்தே விடும். வார்த்தபோது உள்ளே தங்கிய இறுக்கமும் சேர்ந்தால், திருகு துளைகளைச் சுற்றி விரிசல் விழவும் வாய்ப்புண்டு.

உங்கள் பேனலை இப்போது தொடாதீர்கள். தின்னர் முழுக்க ஆவியாகி, பேனல் கெட்டிப்பட்ட பிறகு 400 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, அப்புறம் 600 போடுங்கள். அடுத்த பேனலுக்குத் தின்னரே வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஏபிஎஸ்ஸை அவ்வளவாகத் தாக்காது, சில பெயின்டுகளை இளக்கும். முதலில் உட்பக்க மூலையில் சோதித்துப் பாருங்கள். ஹார்ட்னர் (பெயின்டை இறுகவைக்கும் பொருள்) கலந்து அடித்த பெயின்ட் அதற்கெல்லாம் அசையாது. என்னைக் கேட்டால், பழைய பெயின்ட் உறுதியாகப் பிடித்திருந்தால் அதை முழுக்க எடுக்கவே தேவையில்லை. மினுமினுப்புப் போகத் தேய்த்து, அதன்மேலேயே அடிக்கலாம்.

பிளாஸ்டிக் பொறியியலுக்கென்றே சென்னையில் 1968-இல் சிப்பெட் நிறுவனத்தைத் தொடங்கிய நாடு இது. பட்டறையில் பேனல் தேய்க்கும் பையனுக்கு இதையெல்லாம் தமிழில் சொல்லித்தரவும் அரசு பணம் ஒதுக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு ஒதுக்குவதைப் போலவே இதுவும் முக்கியம் என்பேன்.

தேய்க்கும் முன் பேனலின் உட்பக்கத்தில் பொறித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள். 'பிபி' என்றிருந்தால் அது பாலிபுரொப்பிலீன். சாதாரண வெப்பத்தில் தின்னர் அதைக் கரைக்காது, ஆனால் புது பெயின்டும் அதில் பிடிக்காது. பாலிபுரொப்பிலீனுக்கென்றே விற்கும் பிரைமரை முதலில் அடித்தாக வேண்டும்.