ஆயில் ஷேலை உடைத்தால் எண்ணெய் வராது

இந்த வருடத்தில் இவர் நான்காவது ஆள். போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா மார்க்கெட்டில் அப்பாவின் பழைய நண்பர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, நீ எண்ணெய்க் கிணத்து வேலைதானே? இதைக் கொஞ்சம் பாரேன்" என்று போனை நீட்டினார். வெளிநாட்டில் ஆயில் ஷேல் நிலமாம், நீரியல் விரிசல் (தண்ணீரை அழுத்தமாகச் செலுத்திப் பாறையைப் பிளப்பது) சோதனை அங்கே வெற்றியாம், வருடத்துக்குள் பணம் இரட்டிப்பாகுமாம். ஓய்வுப் பணத்திலிருந்து இரண்டு லட்சம் ஏற்கெனவே கட்டியிருக்கிறார்.

எத்தனை தடவைதான் சொல்வது? ஷேல் என்பது அடுக்கடுக்காக இறுகிய ஒரு பாறை. ஆனால் ஷேல் ஆயில் வேறு, ஆயில் ஷேல் வேறு. டெக்சாஸிலும் வடக்கு டகோட்டாவிலும் விரிசல் போட்டு எடுப்பது, பாறைக்குள் ஏற்கெனவே திரவமாக இருக்கும் எண்ணெய். வழி திறந்தால் வரும். ஆயில் ஷேலில் அப்படி எண்ணெயே கிடையாது. கெரோஜன் என்ற கெட்டிப் பொருள்தான் கல்லோடு கல்லாகக் கிடக்கிறது. பூமி அதை இன்னும் வேகவைக்கவில்லை, நாம்தான் வேகவைக்க வேண்டும். வெட்டியெடுத்து உலையில் போட்டால் சுமார் 500 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். நிலத்தடியிலேயே என்றால் 350 டிகிரி அளவில் வருடக்கணக்காகச் சூடேற்ற வேண்டும். எஸ்டோனியாவில் இந்தக் கல்லை அனல்மின் நிலையத்தில் நேரடியாகவே எரிக்கிறார்கள். ஈர அரிசியை உரலில் இடித்தால் சோறு வருமா? அதுபோலத்தான் இதை வெறுமனே உடைப்பதும்.

அப்படியானால் விரிசல் சோதனை எதற்கு? சூடும் காற்றும் உள்ளே போக வழி வேண்டுமே, அதற்குத்தான். 1960களில் அமெரிக்கச் சுரங்கத் துறை வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் அருகே இதைச் செய்து பார்த்தது. தண்ணீர் அழுத்தம், நைட்ரோகிளிசரின் வெடி, மின்சாரம் என்று பல வழிகளில் முயன்றார்கள். ஒரு கிணற்றில் செலுத்திய காற்று பக்கத்துக் கிணற்றுக்கு எவ்வளவு போகிறது என்று அளந்தார்கள். ஆகவே 'விரிசல் சோதனை வெற்றி' என்றால் பாதை கிடைத்தது என்று மட்டுமே பொருள். (ஆழம் குறைந்த இடத்தில் விரிசல் பெரும்பாலும் படுக்கையாக ஓடும், ஆழத்தில் செங்குத்தாக. எந்த ஆழம் என்று சொல்லாத அறிக்கையை நான் புரட்டக்கூட மாட்டேன்.) ஷெல் (Shell) என்ற பெரிய எண்ணெய் நிறுவனமே அமெரிக்காவின் கொலராடோவில் பல வருடம் நிலத்தடிச் சூடேற்றலை முயன்றுவிட்டு 2013இல் விலகிக்கொண்டது.

2011இல் மேற்கு வங்கத்தின் துர்காபூர் பக்கம் அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி கண்டது ஷேல் எரிவாயு, ஆயில் ஷேல் அல்ல. அந்தச் செய்தியையும் இதோடு சேர்த்துக் காட்டுவார்கள், ஏமாறாதீர்கள்.

யாராவது இப்படி வந்தால் முதலில் கேளுங்கள்: எதை வைத்துச் சூடேற்றுகிறீர்கள், எத்தனை மாதம், எத்தனை பீப்பாய் வந்தது? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் வாங்குகிறவர் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெற்றவரா என்று அதன் இணையதளத்திலேயே பாருங்கள், அவர் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள். ஆன்லைனில் கட்டி ஏமாந்திருந்தால் அன்றைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள், வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள்.

மாமா, அடுத்த தவணை 15ஆம் தேதி என்றீர்கள். தயவுசெய்து கட்ட வேண்டாம். ரசீதுகளை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை செம்பூருக்கு வாருங்கள், புகாரைச் சேர்ந்தே எழுதலாம்.