"உனக்கு என்ன குறைச்சல்?"

மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இரண்டு இசிஜி, ஒரு எக்கோ, வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, அப்புறம் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் ஒரு கத்தை. எட்டு மாதமாகச் சேர்ந்தவை. எல்லாவற்றிலும் 'நார்மல்'. அந்த அம்மாவுக்கு 52 வயது. நெஞ்சு படபடக்கிறது, உடம்பு காந்துகிறது, தலை கனக்கிறது, வாயு வந்து அடைக்கிறது என்று பார்க்காத டாக்டர் இல்லை. கடைசியாக ஒருவர் "மனநலப் பிரிவில் ஒருதடவை காட்டுங்கள்" என்று எழுதிக் கொடுத்ததால், மனசில்லாமல் என் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"மனசு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த கணவர் முந்திக்கொண்டார்.

"இவளுக்கு என்ன குறைச்சல் டாக்டரம்மா? பெரியவன் சிங்கப்பூர்ல இருக்கான். பொண்ணைக் கட்டிக் கொடுத்தாச்சு. சொந்த வீடு. எனக்குக் குடிப்பழக்கம்கூடக் கிடையாது. சும்மா உக்காந்து யோசிச்சு யோசிச்சு வியாதிய இழுத்து விட்டுக்கிட்டா."

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். சேலை முந்தானையின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார்.

காவிரிப் பாசன மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருக்கிறேன். மனச்சோர்வு நோயோடு வருகிறவர்களைப் பற்றி இங்கே நான் அதிகம் கேட்ட வாக்கியம் இந்த 'என்ன குறைச்சல்'தான். (இதில் வருகிறவர்களின் வயது, உறவு, ஊர் எல்லாம் அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டவை.) அதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. விடியற்காலை பஸ் பிடித்து, ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்று, ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். அக்கறையில்லாதவர் இவ்வளவு மெனக்கெட மாட்டார். ஆனால் அவர்கள் மனதில் ஒரு கணக்கு இருக்கிறது: குறை இருந்தால் கவலை வரும், குறையே இல்லாதவர் கவலைப்பட்டால் அது நடிப்பு, இல்லாவிட்டால் கொழுப்பு.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தென்னந்தோப்பு முழுவதையும் பறிகொடுத்துவிட்டு, மறுமாதமே தென்னங்கன்றுக்கு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தோப்பு அப்படியே நிற்க, படுக்கையை விட்டு எழ முடியாமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். இழப்பு மனச்சோர்வைக் கொண்டு வரலாம், சந்தேகமில்லை. கடன், சாவு, வீட்டில் குடி, அடி உதை எல்லாமே கொண்டு வரலாம். ஆனால் அது குறையை எண்ணிப் பார்த்துவிட்டு வருகிற நோயில்லை. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது இருந்தால் வாய்ப்பு அதிகம். பிள்ளை பெற்ற சில வாரங்களில் வரும். வீடே கொண்டாட்டமாக இருக்கும்போது தாய் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு இருந்தாலும் இதே மாதிரி தோற்றம் காட்டும். அதனால்தான் மனசு சரியில்லை என்று வருகிறவருக்கும் நாங்கள் ரத்தம் எடுக்கச் சொல்கிறோம். 'மூளையில் செரடோனின் என்ற ரசாயனம் குறைந்துவிட்டது' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் எனக்கும் வசதிதான். விஷயம் அவ்வளவு சுளுவாக இல்லை.

சரி, வெறும் கவலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கவலையில் இருப்பவருக்குப் பேரன் ஓடிவந்து மடியில் விழுந்தால் ஒரு நிமிடமாவது முகம் மலரும். மனச்சோர்வில் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடம் வராது. அன்றைக்கு அந்த அம்மாவிடம், கணவரைக் கொஞ்சநேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினேன். எடுத்ததும் அவர் சொன்னது காபியைப் பற்றி. "காலையில காபி குடிக்கலேன்னா எனக்கு விடிஞ்ச மாதிரியே இருக்காதுங்க. இப்ப அது மண்ணு மாதிரி இருக்கு." பேத்தி போனில் பேசினால்கூட 'எப்போது வைப்பாள்' என்றிருக்கிறதாம். சொல்லிவிட்டு, "பெத்த புள்ளையோட புள்ளைகிட்ட இப்படி நினைக்கிற நான் ஒரு பொம்பளையா?" என்று அழுதார்.

எதிலும் நாட்டமில்லாமல் போவதும், காரணமில்லாத குற்ற உணர்ச்சியும் இந்த நோயின் கையெழுத்து. மனம் நாள் முழுக்கக் கனத்துக் கிடப்பது, தூக்கமும் பசியும் கெடுவது, உடம்பு எடை மாறுவது, சின்ன வேலைக்கே ஓய்ந்துபோவது, கவனம் நிற்காதது, பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, 'இருந்து என்ன ஆகப்போகிறது' என்ற நினைப்பு. மருத்துவர்கள் பார்க்கும் ஒன்பது அறிகுறிகள் இவ்வளவுதான். துக்கமோ நாட்டமின்மையோ கட்டாயம் இருந்து, மொத்தத்தில் குறைந்தது ஐந்து இருந்து, இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நீடித்தால் அது மனச்சோர்வு நோய். நம் ஊரில் இந்த ஒன்பதைச் சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. உடம்பு வலி என்றுதான் வருகிறார்கள். மனசு என்று சொன்னால் 'பைத்தியம்' என்ற சொல் பின்னாலேயே வந்துவிடுமோ என்ற பயம். ஆண்கள் இன்னொரு மாதிரி: எரிந்து விழுவார்கள், குடி கூடும், வேலைக்குப் போவது குறையும். வயதானவர்களிடம் மறதி மாதிரி காட்டும்.

ஒரு விஷயத்தைக் குடும்பத்தார் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நோயாளிகளில் பலருக்கு விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே முழிப்பு வந்துவிடும். அப்போதிலிருந்து காலைப் பொழுதுதான் மிக மோசம். சாயங்காலம் ஆக ஆகச் சற்றுத் தெளிவார்கள், நாலு வார்த்தை பேசுவார்கள். வீட்டில் இருப்பவர் என்ன நினைப்பார்? "சாயந்திரம் நல்லாத்தானே பேசினா? காலையில வேலைன்னதும் வேஷம்." வேஷமில்லை, நோயின் ஓட்டமே அப்படி. இதைச் சொன்னபோது அந்தக் கணவர் முதல்முறையாகப் பேச்சை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இருபது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு வந்திருப்பதாகச் சொன்னது. உங்கள் தெருவில் நாற்பது பேர் இருந்தால் இருவர். அந்த இருவரும் சிகிச்சைக்கு வந்திருக்க மாட்டார்கள் என்பதையும் அதே கணக்கெடுப்பிலிருந்து ஊகிக்கலாம்.

இவ்வளவு பேசுகிற நானும் ஒருகாலத்தில் அந்தக் கணவர் மாதிரிதான். ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக இருந்தபோது விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். கூட்டுறவுச் சங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்ற என் சித்தப்பா, தலைப்புச் செய்தியிலிருந்து வரி விளம்பரம்வரை பேப்பரை மேய்கிறவர், அதை மடிப்புக் கலையாமல் திண்ணையில் போட்டு வைத்திருந்தார். நான் டாக்டர் ஆயிற்றே. "சும்மா உக்காராதீங்க சித்தப்பா. தினமும் வாக்கிங் போங்க, கோயிலுக்குப் போங்க, நாலு பேர்கிட்ட பேசுங்க, எல்லாம் சரியாயிடும்." அவர் "சரிம்மா" என்றார். ரொம்ப நாள் கழித்துச் சித்தி சொன்னார்: நான் கிளம்பிய பிறகு அவர் தினமும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போவாராம். வாசற்படியில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொள்வாராம்.

அவர் பிறகு வேறொரு மருத்துவரிடம் காட்டித் தேறினார். ஆனால் அந்த வாசற்படி என் மனதை விட்டுப் போகவில்லை. நான் சொன்ன யோசனையில் தப்பில்லை. நடப்பது நல்லது, மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சையில் 'சின்னச் சின்னச் செயல்களை மீண்டும் தொடங்குவது' என்பதே ஒரு முறை. என் தப்பு, 'போங்க' என்று சொன்னது. "வாங்க சித்தப்பா, முக்குக் கடைவரை போயிட்டு வருவோம்" என்று சொல்லி நானும் செருப்பு மாட்டியிருக்க வேண்டும்.

ஆதரவு என்று நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். "தைரியமா இரு", "பாசிட்டிவா நினை", "உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர்" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும், 'என்னால் அதுகூட முடியவில்லையே' என்று கேட்பவரின் குற்ற உணர்ச்சிக்கு இன்னொரு செங்கல் வைக்கிறோம். பேச ஒன்றும் இல்லாவிட்டால் பேசவே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆயலாம். அவர் பேச ஆரம்பித்தால் நடுவில் தீர்வு சொல்லாமல் கேட்கலாம். வேலையைச் சின்னதாக்கிக் கொடுக்கலாம். மார்கழி முழுக்க வாசலை அடைத்துக் கோலம் போட்டவரிடம் "நாலு புள்ளி வையுங்க, போதும்" என்று சொல்லி, மாவுக் கிண்ணத்தை நாம் பிடித்துக்கொள்ளலாம். நாலு புள்ளி வைத்த நாளை நல்ல நாளாகக் கணக்கில் எழுத வேண்டும். அதே சமயம் எல்லாவற்றையும் நாமே செய்து, சாதத்தைப் பிசைந்து ஊட்டிக் குழந்தை ஆக்கிவிடவும் வேண்டாம். வீட்டை விற்பது, வேலையை விடுவது, விவாகரத்து மாதிரியான பெரிய முடிவுகளைத் தேறும்வரை தள்ளிப்போட உதவுங்கள்.

அடுத்தது மாத்திரை. இங்கேதான் நிறைய பேர் நழுவிப் போகிறார்கள்.

திருச்சிக்கு மேற்கே குணசீலம் பெருமாள் கோயிலில் மனநலம் சரியில்லாதவரை 48 நாள், ஒரு மண்டலம், தங்க வைக்கும் வழக்கம் உண்டு. கோயிலுக்குப் போவதை நான் தடுப்பதில்லை. நம்பிக்கை தருகிற எதையும் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வருத்தம் உண்டு. சாமிக்கு ஒரு மண்டலம் பொறுக்கிறவர்கள் மாத்திரைக்கு ஒரு வாரம் பொறுப்பதில்லை. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் தலைவலி மாத்திரை மாதிரி அரைமணியில் வேலை செய்யாது. மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முழுப் பலனுக்கு ஆறு வாரம்கூட ஆகலாம். கிட்டத்தட்ட அதே மண்டலக் கணக்குதான். முதல் வாரத்தில் குமட்டல், வயிற்றுப் பிரட்டல், கொஞ்சம் படபடப்பு வரலாம். பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். அதற்குள் "மாத்திரை ஒத்துக்கல" என்று பரணில் போட்டுவிடுகிறார்கள்.

"இது தூக்க மாத்திரைதானே, அடிமையாகிடுவேனே" என்ற பயமும் உண்டு. மனச்சோர்வு மாத்திரைகள் போதைப் பழக்கம் உண்டாக்குவதில்லை. பழக்கமாகிவிடக்கூடியது, பதற்றம் தணியவும் தூக்கத்துக்கும் கொடுக்கிற அல்பிரசோலம் வகை. அதைத்தான் சிலர் சீட்டே இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வருடக்கணக்கில் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள், பயமே இல்லாமல்! தேறியபிறகும் மனச்சோர்வு மாத்திரையை ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போது மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல் வரும், நோயும் திரும்பலாம். இன்னொன்று: நோயாளிக்கு முன்பு எப்போதாவது தூக்கமே தேவையில்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தில், பணத்தை வாரி இறைத்த காலம் இருந்ததா? அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருகிற இருமுனைய நோயாக (பைபோலார்) இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருப்பதும் உண்டு.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்கவே குடும்பங்கள் நடுங்குகின்றன. கேட்டால் நாமே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம். ஆகாது. "வாழவே வேண்டாம்னு தோணுதா?" என்று நேராக, திட்டாமல், பதறாமல் கேளுங்கள். பலர் 'அப்பாடா, ஒருத்தர் கேட்டுட்டாங்க' என்று மூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள். பூச்சிமருந்தும் மாத்திரைகளும் அவர் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். அந்த எண்ணம் அலை மாதிரி எழும்பி அடங்கும். எழும்புகிற நேரத்தில் கைக்கு எதுவும் கிடைக்காததே எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் முயற்சி நடந்ததும் இதே நோக்கத்தில்தான். சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் கூடுதல் கவனம் தேவை. மனம் தெளிவதற்கு முன்னால், அந்த எண்ணத்தைச் செயலாக்கும் தெம்பு உடம்பில் வந்துவிடுவது உண்டு. இளவயதினரிடம் இன்னும் உன்னிப்பாக இருங்கள்.

போலீஸ் கேஸ் ஆகுமே என்று மறைக்கிறவர்களுக்கு: 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. பேச ஆள் வேண்டுமென்றால் மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, தமிழக அரசின் 104 இரண்டும் இலவசம். சென்னையில் சினேகா அமைப்பு 1986-லிருந்து தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்குகிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைக்கும் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவர் வருவார். எந்தக் கிழமை என்று ஓ.பி. கவுன்ட்டரில் கேளுங்கள், மாத்திரையும் அங்கேயே தருவார்கள்.

கூட இருப்பவர்களும் மனிதர்கள்தான். மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டால் எரிச்சல் வரும், ஒருநாள் கத்திவிடுவீர்கள். கத்தியதற்காக இன்னொரு நோயாளி ஆகாதீர்கள். அக்கா, தங்கை, மைத்துனர் என்று யாரிடமாவது வாரத்தில் இரண்டு நாளை ஒப்படைத்துவிட்டுத் தூங்குங்கள்.

அந்தத் தம்பதி மாதம் தவறாமல் வந்தார்கள். இரண்டாவது தடவை அந்த அம்மா அதிகம் பேசவில்லை. "தூக்கம் பரவாயில்ல" என்றார், அவ்வளவுதான். கணவர் ஒரு பாக்கெட் டைரியில் எந்த நாள் எத்தனை மணிக்கு முழித்தாள், எத்தனை இட்லி சாப்பிட்டாள் என்று குறித்து வைத்திருந்தார். கேட்காமலே காட்டினார். காலை வேலைகளை அவரே எடுத்துக்கொண்டுவிட்டாராம்.

நான்காவது தடவை வந்தபோது நான் கேள்வி கேட்பதற்கு முன்பே அந்த அம்மா ஆரம்பித்தார். "இவரை முதல்ல அடுப்பாங்கரைய விட்டு வெளிய வரச் சொல்லுங்க டாக்டரம்மா. மூணு மாசமா இவர் காபிதான். ஒரே சீனிப் பாகு. வாயில வைக்க முடியல."

கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சீட்டை எடுத்து, அதே மாத்திரையை இன்னும் ஒரு மாதத்துக்கு எழுதினேன்.